சுவருக்குள்ளால் வந்த இருவர்

போன மாதம் யோகா வந்திருந்தாள்.

யோகராணி. பேராதனையில் என்னோடு ஹொஸ்டலில் ஒரே அறையில் இருந்தவள். நான் தமிழ் படித்தேன், அவள் எஞ்சினியரிங். யாழ்ப்பாணத்துக்காரி. இப்போது கொழும்பில் பழைய வீடுகளை இடிக்காமல் திருத்திக் கொடுப்பதுதான் தொழில். கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்துத் தூணைத் தட்டிப் பார்க்கிற ரகம்.

"கண்டியில பாக்க வேண்டிய கட்டடம் எல்லாத்தையும் எனக்குக் காட்டு" என்றாள். "கெம்பஸில இருந்த காலம் முழுக்க கன்டீனைத் தவிர ஒண்டும் வடிவாப் பாக்கேல்லை."

நான் மட்டும் பார்த்தேனா? இத்தனை காலமாகக் கண்டியில் இருக்கிறேன். வெளியூரிலிருந்து யாராவது வந்தால்தான் நான் தலதா மாளிகைப் பக்கம் போவது. சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கவும் ஒரு விருந்தாளி வேண்டியிருக்கிறது பாருங்கள்.

வேனுக்கு நஸீர் நானாவைக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுப் பயணம் எல்லாவற்றுக்கும் அவர்தான். தெல்தெனியக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், ஆனாலும் எல்லோருக்கும் நானா, அண்ணன்தான். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் ரேடியோகூடப் போட மாட்டார். மலை ரோட்டில் அப்படி ஒரு சாரதி கிடைப்பது பாக்கியம்.

முதல் நாள் டவுன். மாளிகை, அதன் முன்னால் எட்டுப்பட்டை மண்டபம், பிறகு குளத்தைச் சுற்றி நடை. குளத்தோரம் மேகம் மேகமாக வளைந்து போகும் வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அதில் சின்னச் சின்னதாய் முக்கோண மாடங்கள். விளக்கு வைப்பதற்கு. யோகா ஒரு மாடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"சுவர் இதோட நிக்குது, என்னடி? முடிக்கேல்லையோ?"

"முடிக்கல. அதுக்குள்ள வெள்ளைக்காரங்க ராஜாவைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க."

அவள் கையை மெதுவாக வெளியே எடுத்துக்கொண்டாள். விளக்குக்காகக் காத்திருந்து காத்திருந்து கறுத்துப்போன மாடம். எனக்கு அதுவரை அப்படித் தோன்றியதில்லை.

அங்கிருந்து ராணிகள் குளித்த மண்டபம். பாதிக் கட்டடம் கரையில், பாதி தண்ணீரில். யோகா விளிம்பில் குனிந்து கீழே பார்த்தாள். தூண் பச்சைத் தண்ணீருக்குள் இறங்கி, இறங்கி, எங்கேயோ போய் மறைகிறது.

"குளத்துக்கு அடியில முன்னம் என்ன இருந்தது?"

"வயலு" என்றேன். "வயலை வெட்டித்தான் குளமாக்கினாங்க."

"பாத்து மிஸ்" என்று பின்னாலிருந்து நஸீர் நானாவின் குரல். "தண்ணிக்குக் கிட்ட போக வேணாம்."

திரும்பிப் பார்த்தேன். வழமையாக வேனை விட்டு இறங்காதவர் இறங்கி வந்து நின்றார். ஆனால் குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மறுநாள் கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே என்று மூன்று பழைய கோயில்கள். பாறையின் தலையில் லங்காதிலகவைக் கட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தால் கட்டினார்களா, பாறையே வளர்த்ததா என்று சந்தேகம் வரும். முன்வாசலில் புத்தர். சுற்றிப் பின்பக்கம் போனால் இருட்டு நடையில் தெய்வங்கள். கண் பழகும்வரை ஒன்றும் தெரியாது. பழகிய பிறகுதான் தெரியும், அவர்கள் நம்மை முன்பே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.

எம்பெக்கேயில் ஒரு கூரை. கைமரங்கள் எல்லாம் ஓடிவந்து ஒரே ஒரு மர முளையில் முட்டி நிற்கின்றன. யோகா அண்ணாந்து பார்த்தபடியே வெகுநேரம் நின்றாள்.

"உந்த முளையைக் கழட்டினா எல்லாம் வந்திடும்" என்று முணுமுணுத்தாள். ஆனந்தமாகச் சொன்னாளா, பயந்து சொன்னாளா? எனக்குப் புரியவில்லை.

அன்று வீட்டில் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தவள் திடீரென்று என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வற்றிப்போன ஒரு நீர்த்தேக்கம். வெடித்த சேறு. நடுவில் படிகள், ஒரு பாலத்தின் கால்கள், கட்டடங்களின் அடித்தளங்கள்.

"உதென்ன?"

"பழைய தெல்தெனிய."

விக்டோரியா அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர். கடைத்தெரு, விகாரை, வீடுகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சனங்கள் மேட்டில் கட்டிய புது டவுனுக்குப் போனார்கள். மழை பொய்த்துத் தண்ணீர் அடியில் இறங்கினால் பழைய ஊர் தலை காட்டும். இந்த முறை நன்றாகவே காட்டியிருந்தது.

"நாளைக்கு இஞ்சதான்" என்றாள் யோகா.

நஸீர் நானாவுக்கு ஃபோனில் சொன்னேன்.  

"மேல ரோட்டு வரைக்கும் கொண்டு போறேன்" என்றார். "கீழ நான் வாரதில்ல."

*

சொன்ன மாதிரியே செய்தார். ரோட்டோரத்தில் ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தினார், முகப்பு நீர்த்தேக்கத்தைப் பார்க்காத விதமாகத் திருப்பி.

"அசருக்கு முன்ன வந்திருங்க. கெழக்கால இருட்டுது, மழை ஈக்கி" என்றார். அவர் வாயில் "இருக்கு" என்பது "ஈக்கி"தான்.

நல்ல பகல்தான். ஆனாலும் வெளிச்சம் ஒரு மாதிரி மஞ்சளாக இருந்தது. கரையிலிருந்து கீழே இறங்க இறங்க மரங்கள் நின்றுவிட்டன. பிறகு புல் நின்றது. பிறகு காக்கைச் சத்தமும் நின்றது. செத்த மரங்களின் அடிக்கட்டைகள் மட்டும் சாம்பல் பூசியதுபோல வெள்ளையாக.

நாங்கள் நடந்துகொண்டிருந்தது ஒரு ரோடு என்று எனக்குத் தெரியவே இல்லை. யோகாதான் காலால் சேற்றுப் பொருக்கைத் தட்டிக் காட்டினாள். அடியில் தார்.

"கடைத்தெருவா இருக்கும். இஞ்ச பார், ரெண்டு பக்கமும் கான்."

அந்த வடிகாலுக்கு அப்பால் வரிசையாகக் கற்படிகள். ஒவ்வொரு படியும் ஏறிப்போய் ஒன்றுமில்லாத இடத்தில் முடிந்தது. ஜனங்கள் போகும்போது கதவு, ஜன்னல், ஓடு, முடிந்தவர்கள் செங்கல்லையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொண்டது.

மேலே புது டவுன் பள்ளிவாசலில், பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் அசர் பாங்கு தொடங்கியது. அடுத்த கணம் அதே பாங்கு எங்கள் முன்னால், தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, கொஞ்சம் தாழ்ந்த குரலில் வந்தது. நான் நின்றுவிட்டேன்.

"எதிரொலியடி. அந்தப் பக்கத்து மலையில பட்டு வருது" என்றாள் யோகா.

நான் கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு அவ்வளவு அவசரமாக ஏன் பதில்?

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தோம்.

கடைத்தெரு முடிந்து தண்ணீரை நோக்கிச் சரியும் இடத்தில் ஒரு சிவப்புச் சீமெந்துத் தரை. அதன் நடுவில் ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். தலையில் முக்காடு. வெளிர்நீலச் சேலை. கையில் விளக்குமாறு. வீட்டுக்குள் நாம் எப்படிக் கூட்டுவோம்? அப்படியே கூட்டினாள். மூலையில் தொடங்கி, ஓரத்தை விளக்குமாற்று நுனியால் கிளறி, குப்பையை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு. ஓர் இடத்தில் எதையோ சுற்றிக்கொண்டு போனாள். கட்டிலைச் சுற்றிப் போவதுபோல. அங்கே கட்டில் இல்லை. சுவர் இல்லை. கூரையும் இல்லை.

தரை மட்டும் பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் அத்தனை சேறு. அந்தத் தரையில் முகம் பார்க்கலாம்.

"ஊர்ச்சனம் போல. பழைய ஆக்கள் வந்து பாப்பினம்தானே" என்றாள் யோகா. "தரையைப் பாரடி, என்ன வேலை! ஒரு வெடிப்பில்லை."

கமெராவைத் தூக்கிக்கொண்டு நேரே நடந்தாள். நானும் பின்னால் போனேன். வழியில் செங்கல் வரிசை ஒன்று, கணுக்கால் உயரத்துக்கு. அதைத் தாண்டித் தரையில் கால் வைத்தோம்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்தாள். எங்கள் கால்களைப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத வெளியை, எங்கள் தலைக்கு மேல்வரை, நிதானமாகப் பார்த்தாள். பிறகு அவள் போட்ட சத்தம் இருக்கிறதே!

"யா அல்லாஹ்! சுவத்துக்குள்ளால வாராங்க! சுவத்துக்குள்ளால!"

விளக்குமாறு கீழே விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓதத் தொடங்கினாள். ஓதிக்கொண்டே பின்னுக்குப் போனாள்.

எனக்கு விளங்கச் சில விநாடி எடுத்தது. அவளுடைய வீடு அங்கே நின்றுகொண்டிருந்தது. சுவரோடு, கூரையோடு, கதவோடு. பகல் வேளையில், தன் பாட்டில் வீடு கூட்டிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முன்னால் முன்பின் தெரியாத இரண்டு பேர் சுவரைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவள் எங்களை என்னவென்று நினைப்பாள்?

பேய்க்கதை நிறையக் கேட்டிருக்கிறேன். பேய் நானாக இருப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க லாத்தா" என்று ஓரடி முன்னால் வைத்தேன். அவள் இரண்டடி பின்னால் போனாள். செங்கல் வரிசையில் இருந்த ஒரு இடைவெளி வழியாக, பின்வாசலாக இருந்திருக்கும், வெளியே இறங்கினாள். அந்தப் பக்கம் காய்ந்த பொருக்கு இல்லை. ஈரச் சேறு. அதற்கப்பால் தண்ணீர்.

ஒரு கால் கணுக்கால்வரை போயிற்று.

"அசையாதை!" யோகா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "நாங்கள் கிட்டப் போனா அவ இன்னும் பின்னுக்குப் போவா. அந்தச் சேறு எவ்வளவு ஆழமெண்டு தெரியாது."

நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். அவளும் நின்றாள். தூரத்தில் இடி உருண்டது. காற்றில் மழை வாசம். நான் மெதுவாக ஃபோனை எடுத்து நஸீர் நானாவை அழைத்தேன்.

"நானா, இங்க ஒரு முஸ்லிம் அம்மா தனியா நிக்கிறாங்க. எங்களைப் பார்த்துப் பயந்து தண்ணிப் பக்கம் போறாங்க. என்ன செய்றதுன்னே தெரியல."

"மறுகா கூட்டினாவா?" என்றார்.

"என்ன நானா?"

"நெலத்தக் கூட்டினாவா? வெளக்குமாறு ஈக்கா?"

"ஆமா. அது எப்படி உங்களுக்கு…"

அழைப்பு அறுந்துவிட்டது.

அவர் வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேட்டிலிருந்து விழுந்தடித்து இறங்கினார். கடைத்தெரு தொடங்கும் இடத்தில், தாரும் சேறும் சேரும் கோட்டில், சட்டென்று நின்றார். மூச்சு வாங்கியது. அங்கிருந்து அவருடைய கண் தானாகவே எதையோ தேடிப் போனது. இடப்பக்கம், வலப்பக்கம், பிறகு நேரே எங்களிடம். எந்தப் படி யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நடந்து வந்தார். எங்களை நோக்கி இல்லை. வெளியால் சுற்றிக்கொண்டு முன்பக்கம் இருந்த கற்படிக்குப் போனார். செருப்பைக் கழற்றினார். படியில் ஏறி, தரையில் கால் வைக்காமல் நின்று, குரல் கொடுத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சேற்றில் நின்றவளின் முகம் மாறியது. கையை இறக்கினாள். காலை உருவிக்கொண்டு பின்வாசலால் ஏறி உள்ளே வந்தாள். எங்களை ஓரக்கண்ணால் பார்த்தபடி, நடுவில் எங்கோ ஒரு மூலையில் திரும்பி, ஒரு நடை வழியாக வருவதுபோல ஒடுங்கி வந்து, முன்வாசலுக்குப் போனாள். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கினாள். எதையோ பிடித்து இழுத்தாள். பிறகு இரண்டு கையாலும் உள்பக்கமாகத் திறந்தாள்.

"வாப்பா!" என்றாள்.



அவள் நஸீர் நானாவின் சொந்த லாத்தா, அதாவது அக்கா. இதைப் பிறகுதான் சொன்னார். தன் மகளோடு புது டவுனில் இருக்கிறாள். சில வருடங்களாக ஞாபகம் முன்னும் பின்னுமாகப் போகிறது. ஊர் தண்ணீருக்குள் போனபோது லாத்தாவுக்குக் கல்யாண வயது. நானா சின்னப் பிள்ளை. அந்த வாசலில் அப்போது அவள் கண்டது தம்பியை இல்லை. தம்பி இப்போது அன்றைய தகப்பனைவிட வயதானவர் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

"வாப்பா, ரெண்டு பேர் சுவத்துக்குள்ளால வந்தாங்க. அந்தா நிக்கிறாங்க. பாருங்களே."

கையை நீட்டி எங்களைக் காட்டினாள்.

நஸீர் நானா எங்களைப் பார்த்தார். நேராக, என் கண்ணுக்குள். இத்தனை வருடமாக என்னை ஏற்றி இறக்கிய மனிதர்.

"ஆரும் இல்லியே மகள்" என்றார்.

எப்படிச் சொல்வது அந்தக் கணத்தை? அவர் நடிக்கிறார் என்று தெரியும். ஏன் நடிக்கிறார் என்றும் தெரியும். ஆனாலும் அந்தப் பார்வை என்னை ஊடுருவிக்கொண்டு பின்னால் இருந்த தண்ணீருக்குப் போனது.  பக்கத்தில் யோகா தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லாத்தா எங்களை மறுபடியும் பார்த்தாள். இந்த முறை அவள் கண்ணும் எங்கள்மேல் நிற்கவில்லை. வாப்பா இல்லையென்று சொல்லிவிட்டாரல்லவா? நாங்கள் இல்லாமல் போய்விட்டோம்.

"தம்பி எங்க வாப்பா?"

"ஸ்கூல்ல ஈக்கிறான். வா, போய்க் கூட்டிக்கொண்டு வருவோம். மழை வருது."

"உம்மா?" என்று குரலைத் தாழ்த்தினாள். "உம்மா படுத்தீக்கிறா. காய்ச்சல். எழுப்ப வேணாம்."

நஸீர் நானா உள்ளே பார்த்தார். முதலில் அவள் கூட்டும்போது சுற்றிப்போன அந்த இடத்தை. முதல் துளி மழை சிவப்புத் தரையில் விழுந்து கறுப்பாய்ப் பரவியது. பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தகப்பன் கூப்பிடுவதுபோல.

"ஹலீமா… நானும் புள்ளயும் போயிட்டு வாரோம்."

பதிலுக்குக் காத்திருந்தார். சும்மா இல்லை, உண்மையாகவே காத்திருந்தார். 

லாத்தா திருப்திப்பட்டவள்போல வெளியே படியில் இறங்கினாள். இறங்கியவள் நின்றாள்.

"கதவப் பூட்டுங்க வாப்பா."

அவர் திரும்பினார். கையை நீட்டி, இரண்டு பலகையையும் சேர்த்து இழுத்து, பூட்டினார். ஒருமுறை தள்ளியும் பார்த்தார். லாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெரு வழியாக மேலே நடந்தார். சடசடவென்று மழை இறங்கியது.

நாங்கள் இருவரும் உள்ளே நின்றோம்.

சிரிக்காதீர்கள். கணுக்கால் உயரச் செங்கல் வரிசை, அவ்வளவுதான். தாண்டினால் வெளியே. யோகா ஒரு எஞ்சினியர், நான் பத்திரிகையில் பத்தி எழுதுகிறவள். ஆனால் பூட்டிய வீட்டுக்குள் நிற்கிறோம் என்பதில் எங்கள் இருவருக்கும் எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அதுவும், காய்ச்சலில் படுத்திருக்கும் ஒரு பெண்ணோடு.

"எப்பிடியடி வெளிய போறது?" என்றாள் யோகா. சத்தமே வராத குரலில்.

"வந்த வழியாத்தான்."

கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தாண்டினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ரோடு வரும்வரை ஓடினோம்.

*

வேனுக்குள் லாத்தா துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"ஆரு நஸீர் இவங்க? நல்லா நனஞ்சிட்டாங்களே!"

நஸீர்! வாப்பா போய், தம்பி வந்துவிட்டார்.

"கண்டில ஈந்து வந்த ஆக்கள், லாத்தா. பழைய கட்டடம் பாக்க வந்தாங்க."

"பழைய கட்டடத்துல பாக்க என்ன ஈக்கி?" என்று சிரித்தாள். "ஊட்டுக்கு வாங்க, ப்ளெய்ன்டீ குடிச்சிட்டுப் போகலாம்."

போனோம். மகள் அழுதழுது கண் சிவந்து வாசலில் நின்றாள். தாய் பக்கத்து வீட்டில் இருக்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். சும்மா விடுவாளா? தாயைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு ஏசினாள். லாத்தாவோ எங்களுக்கு இஞ்சி போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, யோகாவுக்கு எத்தனை பிள்ளைகள், என் புருஷனுக்கு என்ன வேலை என்று விசாரித்தாள். காலில் காய்ந்த சேறு அப்படியே இருந்தது. அது எப்படி வந்ததென்று அவள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கண்டிக்குத் திரும்பும் வழி முழுக்க மழை. வைப்பரின் சத்தம் மட்டும். திகனை தாண்டிய பிறகு நஸீர் நானா தானாகவே தன்னைப் பற்றிப் பேசினார். நான் அறிய முதல் தடவை.

"தண்ணி வத்துற நேரமெல்லாம் கூட்டாளிமார் கூப்பிடுவாங்க. நான் போறதில்ல. போய்ப் பாத்தா ஊடு இல்லண்டு தெரிஞ்சிரும். பாக்காட்டி, தண்ணிக்குள்ள அப்பிடியே ஈக்கிண்டு நெனச்சிக்கொண்டு ஈக்கலாம்தானே?"

"இண்டைக்குப் பாத்திட்டீங்கள் நானா" என்றாள் யோகா மெதுவாக. "மன்னியுங்கோ. எங்களாலதான்."

"பாத்தேன்." கியரை மாற்றினார். "லாத்தா தாப்பாள இழுத்தாவே… எங்கட ஊட்டுத் தாப்பாள் துரு. இழுத்தா ஒரு சத்தம் வரும். கேட்டீக்குமே உங்களுக்கும்?"

யோகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் கைப்பையைத் திறந்து எதையோ தேடினேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. நாங்கள் இன்றுவரை அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இல்லை.

அடுத்தடுத்த நாட்களில் நல்ல மழை. பழைய ஊர் மறுபடி உள்ளே போய்விட்டது. லாத்தா இப்போது வெளியே ஓடுவதில்லையாம். முன்பெல்லாம் மாலையானால் "ஊட்டைத் தொறந்து போட்டு வந்துட்டேன், போகணும்" என்று துடிப்பாளாம். "இப்ப கேட்டா, 'வாப்பா பூட்டிட்டார்' எண்டு சொல்லிட்டுப் படுத்திர்ரா மிஸ்" என்றார் நானா. அத்தனை டொக்டரும் மருந்தும் செய்யாததை ஒரு இல்லாத கதவு செய்திருக்கிறது.

நானும் யோசித்துப் பார்த்தேன். கட்டடம் பார்க்கப் போகிறோம். டிக்கட் எடுக்கிறோம், தூணைத் தொட்டுப் பார்க்கிறோம், எந்த நூற்றாண்டு என்று கேட்கிறோம், படுக்கையறையாக இருந்த இடத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். யாருடைய படுக்கையறை? அவர்கள் எழுந்து போய்விட்டார்கள் என்று நமக்கு யார் சொன்னது? யோகா கொழும்பிலிருந்து ஃபோன் எடுத்துப் பேசினாள். ஒரு பழைய வீட்டை அளக்கப் போனாளாம். பக்கச் சுவர் இடிந்து கிடந்ததாம். வேலையாட்கள் அதன் வழியாக ஏற, இவள் மட்டும் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாளாம். "விசர் எண்டு நினைச்சிருப்பினம்" என்றாள். எனக்கு அது பைத்தியமாகத் தோன்றவில்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் போன வெள்ளிக்கிழமை லாத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

நஸீர் நானாதான் கூட்டி வந்தார். ஒரு பாத்திரம் நிறைய வட்டிலப்பம். நல்ல தெளிவோடு இருந்தாள். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்தாள். வாசலில் நின்று சலாம் சொன்னாள். உள்ளே வந்து ஜன்னலோரம் ஒருவரும் உட்காராமல் கிடந்த கதிரையைப் பார்த்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அங்கேயும் மரியாதையாக ஒரு சலாம் சொன்னாள்.

"யாருக்கு லாத்தா?" என்று கேட்டேன்.

நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். என் தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.  இருந்த நேரம் முழுக்க அந்தப் பக்கம் முதுகு காட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் வீடு அனிவத்தை மேட்டில் பழைய வீடு. வாங்கும்போது ஓடு பார்த்தோம், பலகையில் கறையான் பார்த்தோம், தண்ணீர் வருமா பார்த்தோம். முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கதிரையை நான் இன்னும் தள்ளி வைக்கவில்லை… கேட்காமல் எப்படித் தள்ளுவது?